பேஸ் லைன்: தியரியா, காதா?

‘தியரி படித்தால் ஃபீல் போய்விடும்’ என்று ஒரு பேச்சு, பாட்டுக்கு அடியில் ஓடுகிற கனத்த கீழ்க்குரலான பேஸ் கிட்டார் வாசிக்கிற பையன்களிடம் ரொம்ப நாளாக ஓடுகிறது. எதிர்ப்பக்கத்தில், கிரேடு பரீட்சை எல்லாம் எழுதிவிட்டு, காதை நம்பி வாசிக்கிறவனை மட்டமாகப் பார்க்கிற கோஷ்டி. இரண்டு தரப்பும் சண்டை போடுவது ‘எந்த நோட்’ என்பதைப் பற்றி மட்டும்தான். பேஸில் அது பாதி வேலை. என்னைக் கேட்டால் பாதிகூட இல்லை.

சரி, அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடலாம். சி மேஜர், ஏ மைனர், எஃப், ஜி என்று நாலு கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கிற நோட் கூட்டங்கள். சர்ச் முதல் கல்யாண மேடை வரை ஓயாமல் ஓடுகிற வரிசை. பேஸ் கைக்கு வந்த புதிதில் எல்லோரும் ரூட் நோட்டை, அதாவது கார்டுக்குப் பெயர் கொடுக்கிற நோட்டை, மட்டும் பிடிப்போம். அப்புறம் ஒருநாள் சி-யிலிருந்து ஏ-க்கு இறங்கும்போது விரல் தானாக நடுவில் பி-யைத் தொடும். எஃப்-இலிருந்து ஜி-க்குப் போகிற வழியில் எஃப் ஷார்ப்பைத் தொடும். சி மேஜர் ஸ்கேலிலேயே இல்லாத நோட் அது. ஆனாலும் உறுத்தாது, அடுத்த ஃப்ரெட்டிலேயே (கழுத்தில் விரல் வைக்கிற அடுத்த கட்டத்திலேயே) ஜி இருக்கிறதே. தியரியில் இதற்கு க்ரோமேடிக் பாஸிங் நோட் என்று பெயர். பெயர் தெரியாமலேயே இதை அழகாக வாசிக்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள்.

ஆனால் கேள்வி ஞானம் மட்டும் வைத்துக்கொண்டு சுலபத்தில் போய்ச் சேராத இடங்களும் உண்டு. சி கார்டுக்கு அடியில் சி-க்குப் பதில் இ-யை வாசித்தால் கார்ட் கால் ஊன்றாமல் நிற்கும், அடுத்து எஃப் வேண்டும் என்று கேட்கும். ரூட்டிலேயே ஊறிய கை இங்கே தானாக வருவது அபூர்வம். இன்னொன்று: இ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் ஜி-யையும் ஏ கம்பியில் இரண்டாவது ஃப்ரெட் பி-யையும் சேர்த்து மீட்டிப் பாருங்கள், ஒரே கலங்கல். அதே பி-யை ஜி கம்பியில் நான்காவது ஃப்ரெட்டுக்குத் தூக்கினால் தெளிந்துவிடும். இதைத் தடவித் தடவிக் கண்டுபிடிக்க மாசக்கணக்கில் ஆகலாம். புத்தகத்தில் ஒரு பக்கம்.

‘பீட்டில்ஸ் பேஸிஸ்ட் பால் மெக்கார்ட்னிக்கு நொட்டேஷன் (இசைக் குறிப்பு) படிக்கவே தெரியாதே’ என்று உடனே யாராவது வருவார்கள். உண்மைதான், அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் அப்பா ஜாஸ் குழு நடத்தியவர், வீட்டில் பியானோ இருந்தது. அந்த வீட்டில் வளர்ந்த காது வெறும் காது இல்லை. பிற்பாடு மற்ற வாத்தியங்கள் எல்லாம் பதிவான பிறகு, கடைசியில் தனியாக உட்கார்ந்து பேஸ் வாசிக்கிற வசதியும் கிடைத்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு ‘தெரியாது’ என்பதை மட்டும் பிடித்துக்கொள்வது சோம்பேறித்தனம்.

நம் பக்கம் இதற்கு நேர்மாறாக ஒரு வேடிக்கை. இளையராஜாவின் பேஸ் லைனைக் கேட்டதும் ‘இதெல்லாம் சாமி கொடுத்தது’ என்கிறார்கள். அவர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தன் கையால் நொட்டேஷன் எழுதிக் கொடுப்பவர், பேஸும் அதில் அடக்கம். மெலடி மேலே ஏறும்போது பேஸ் எதிர்த்திசையில் இறங்கி வருகிற அந்த நடை கவுண்டர்பாயிண்ட் என்ற பழைய படிப்பு. காகிதத்தில் உட்கார்ந்து எழுதிய வேலை. அதைச் சாமி கணக்கில் எழுதினால் உழைத்தவருக்கு என்ன மிச்சம்?

இனி மீதிப் பாதி. ஒரே தாளைக் கொடுத்து இரண்டு பேரை வாசிக்கச் சொல்லுங்கள். நோட் ஒன்றுதான், பாட்டு இரண்டாக இருக்கும். நோட்டை எங்கே ஆரம்பிக்கிறார், கிக் டிரம்மோடு ஒட்டியா, ஒரு மயிரிழை பின்னாலா, எங்கே கையை வைத்து அணைக்கிறார் என்பதில்தான் விஷயம். தாளில் கால் நோட், அரைக்கால் நோட் என்று இருக்கும். அந்த மயிரிழை இருக்காது.

ஜேம்ஸ் ஜேமர்சனைக் கேளுங்கள். அமெரிக்காவின் டெட்ராய்டில், மோட்டவுன் என்ற ரெக்கார்ட் கம்பெனியின் ஸ்டுடியோவில் 60களில் பேஸ் வாசித்தவர். மீட்டுவது வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான். அறுந்தால் ஒழிய மாற்றாத பழைய ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள் (தட்டை நாடா சுற்றிய வழுவழுப்பான கம்பிகள்), கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச். நோட் நீளாது, தொப்பென்று விழுந்து அடங்கும். அதனால்தான் அத்தனை நோட் வாசித்தும் பாடகரின் குரலை இடிக்கவில்லை. இத்தனைக்கும் பள்ளியிலேயே டபுள் பேஸ் கற்று, ஜாஸ் கிளப்புகளில் வாசித்துவிட்டு வந்தவர். கார்ட் தாள் முன்னால் இருக்கும், வரியை அவரே கட்டுவார். இவரை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்?

தகராறு செய்கிற தம்பிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். மேலே சொன்ன நாலு கார்டை லூப்பில் போட்டு, ரூட் நோட்டை மட்டும் வாசித்து ரெக்கார்ட் செய்யுங்கள். அடுத்த முறை நோட்டை மாற்றாமல், பாதி நீளத்தில் அணைத்து வாசியுங்கள். மூன்றாம் முறை, ஒவ்வொரு நாலு தட்டிலும் மூன்றாவது தட்டில் மட்டும் ஒன்றும் வாசிக்காமல் விடுங்கள். மூன்றையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். திறந்த இ கம்பி 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கரில் அந்த அடி வரவே வராது. அதில் கேட்டுவிட்டு எனக்கு கமெண்ட் போடாதீர்கள்.