தெருவுக்கு அடியில் இருக்கும் குழாய் யாருடையது?

ஒரு நாட்டின் இணையம் ஏன் மற்ற நாடுகளைவிட மந்தமாக இருக்கிறது என்று பேச்செடுத்தால் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். நாடு பெரியது. நாடு ஏழை. மக்கள் சிதறி வாழ்கிறார்கள், கேபிள் இழுத்துக் கட்டுப்படியாகாது. நான்காவதாக ஒருவர் வருவார், அவர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவர்: "இவ்வளவு வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம், வீடியோதானே பார்க்கப் போகிறோம்?"

முதல் மூன்றையும் ஒரு காலத்தில் நானும் நம்பியவன்தான். அப்புறம் கொஞ்சம் படிக்கப் படிக்க ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

பணம்தான் காரணம் என்றால் ஜெர்மனியை எங்கே வைப்பது? ஐரோப்பாவின் மிகப் பெரிய பொருளாதாரம் அது. ஆனால் வீடுவரை ஃபைபர், அதாவது கண்ணாடி இழை, என்ற கணக்கில் பல ஆண்டுகளாக ஐரோப்பியப் பட்டியலின் அடியில் கிடந்தது. வருமானத்தில் அதன் பக்கத்திலேயே வர முடியாத ருமேனியா மேலே உட்கார்ந்திருந்தது.

ருமேனியாவில் நடந்தது வேடிக்கையானது. 1990களின் கடைசியில் பெரிய தொலைபேசி நிறுவனம் நல்ல இணைப்பு தரும் என்று காத்திருக்கப் பொறுமையில்லாத இளைஞர்கள், அடுக்குமாடிக் கட்டடங்களின் ஜன்னலுக்கு ஜன்னல், கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் கேபிளை இழுத்துவிட்டார்கள். முதலில் கேம் விளையாடவும் கோப்புகளை மாற்றிக்கொள்ளவும்தான். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து ஒரு இணைப்பை வாங்கிப் பங்கிட்டார்கள். ஒரே பேட்டையில் இப்படி இரண்டு மூன்று நெட்வொர்க்குகள், ஒன்றுக்கொன்று போட்டி. பின்னால் பெரிய கம்பெனிகள் வந்து இவற்றை விலைக்கு வாங்கி ஃபைபராக மாற்றின. புக்கரெஸ்ட் கம்பங்களில் கறுப்புக் கேபிள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்தக் கொடிகளில் ஓடிய வேகத்தைப் பார்த்துப் பணக்கார நாடுகள் பொறாமைப்பட்டன.

தென் கொரியாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1997 இறுதியில் அந்த நாடு பன்னாட்டு நாணய நிதியத்திடம் கையேந்தி நின்றது. பிராட்பேண்ட் அங்கே வீடுகளுக்குள் நுழைந்தது சரியாக அந்த நெருக்கடிக்குப் பிறகு, 1998இல். அதற்கு முன்பே, 1995இல், நாடு முழுக்க ஊர்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பு போடும் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். 1999இல் இன்னொரு காரியம் செய்தார்கள். கட்டடங்களுக்குள் இணையக் கம்பி வசதி எப்படி இருக்கிறது என்று பார்த்துத் தரச் சான்று கொடுத்தார்கள். வீடு விற்கிறவர் அதைக் காட்டி விற்கலாம். 2002இல் பிராட்பேண்ட் சந்தாக்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. அடுக்குமாடி வாழ்க்கை அவர்களுக்கு உதவியது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அடுக்குமாடிகள் நிறைந்த நகரங்கள் உலகில் எத்தனையோ இருக்கின்றன.

பரப்பளவுச் சாக்குக்கு ஸ்வீடனே போதும். நீளமான, குளிரான, ஆட்கள் குறைவான நாடு. ஃபைபரில் முன்வரிசை.

சரி, அப்படியென்றால் என்னதான் காரணம்? என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்று உங்கள் வீட்டுக்கு வரும் வேகத்தை இன்றைய அமைச்சரோ இன்றைய கம்பெனியோ தீர்மானிக்கவில்லை. பழைய கம்பி யாரிடம் இருந்தது, அதை மற்றவர்களோடு பகிர வேண்டும் என்று யாராவது விதி போட்டார்களா, போட்ட விதியை நிற்கவிட்டார்களா என்பதுதான் தீர்மானித்திருக்கிறது. பெரும்பாலும் இருபது, முப்பது வருடத்துக்கு முந்தைய கதை.

ஒருமுறை, வாக்களித்த வேகத்தில் பாதிகூட வரவில்லை என்று வீட்டு இணைப்பைப் பற்றிப் புகார் கொடுத்திருந்தேன். வந்த லைன்மேன் கையில் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லைன் நல்லா இருக்கு சார். எக்ஸ்சேஞ்சுதான் தூரம்." தொலைபேசி நிலையத்தைச் சொன்னார். எனக்கு அப்போது கோபம் வந்தது. அவர் சொன்னது இயற்பியல் என்று பிறகுதான் புரிந்தது. செம்புக் கம்பி குரலுக்காகப் போடப்பட்டது. அதில் டிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பியிலேயே இணையம் தரும் முறை) ஓட்டினால், எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்கு இருபது எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கிடைக்கும், நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவருக்கு ஒன்றிரண்டு தேறினால் அதிகம். கண்ணாடி இழைக்கு வீட்டளவு தூரங்களில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரு முறை புதைத்துவிட்டால் இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளை மாற்றி வேகத்தை ஏற்றிக்கொண்டே போகலாம்.

இது தெரிந்தும் ஏன் செம்பைப் பிடித்துத் தொங்கினார்கள்? ஏனென்றால் அது ஏற்கெனவே தரைக்குள் இருக்கிறது. அதற்கான செலவு எப்போதோ தீர்ந்துவிட்டது. அதில் வரும் ஒவ்வொரு மாதச் சந்தாவும் ஏறக்குறைய லாபம்தான். வேறு யாரும் அந்தத் தெருவுக்குள் வர முடியாது என்றால், அந்த லாபத்தை விட்டுவிட்டுத் தெருவைத் தோண்ட எந்தக் கம்பெனிக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? அவர்களைக் குறை சொல்வதில்கூட அர்த்தமில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

ஜெர்மனிக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் இதைப்போல ஒரு கதையைக் கற்பனை செய்துகூட எழுத முடியாது. 1981இல் ஹெல்முட் ஷ்மித் அமைச்சரவை, தொழில்நுட்பம் கைக்கு வந்ததும் நாடு முழுக்கக் கண்ணாடி இழை போடுவது என்று முடிவெடுத்தது. அடுத்த வருடம் ஆட்சி மாறியது. ஹெல்முட் கோல் அரசு கேபிள் டிவிக்கான செம்புக் கம்பிக்கு முன்னுரிமை கொடுத்தது. பத்து வருடம் கழித்து, இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு, கிழக்கு ஜெர்மனியில் தொலைபேசி வலையமைப்பைப் புதிதாகப் போட வேண்டியிருந்தபோது பல இடங்களில் நிஜமாகவே ஃபைபர் போட்டார்கள். தொலைபேசிக்காகத்தான். அப்புறம் டிஎஸ்எல் வந்தது. டிஎஸ்எல் செம்பில் மட்டுமே ஓடும். நாட்டிலேயே நவீனமான கம்பி வைத்திருந்தவர்களுக்கு பிராட்பேண்ட் கிடையாது என்று ஆனது. சில இடங்களில் அந்தக் கண்ணாடி இழைக்குப் பக்கத்திலேயே செம்பு இழுக்க வேண்டி வந்தது. இதற்கெல்லாம் பிறகும் செம்பிலேயே வேகத்தைக் கொஞ்சம் கூட்டும் வெக்டரிங் என்ற உத்தியில் காலத்தை ஓட்டினார்கள்.

ஆஸ்திரேலியா வேறு மாதிரி. அங்கே அரசே இறங்கியது. 2009இல் கெவின் ரட் அரசு, 90 சதவீதக் கட்டடங்களுக்கு நேரடி ஃபைபர், 4,300 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று அறிவித்தது. 2013இல் ஆட்சி மாறியது. முழு ஃபைபர் ரொம்பச் செலவு, ரொம்பத் தாமதம் என்று சொல்லி, தெரு முனைவரை ஃபைபர், அங்கிருந்து வீடுவரை பழைய செம்பு என்று மாற்றினார்கள். போதாததற்குப் புதிதாகச் செம்புக் கம்பியும் வாங்கினார்கள். 2020இல், 2013இல் வந்த அதே கூட்டணி ஆட்சியில் இருக்கும்போதே, கேட்கிற வீடுகளுக்கு ஃபைபர் கொண்டுபோவது உட்பட மேம்பாட்டு வேலைகளுக்கு மேலும் 450 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். மிச்சம் பிடிக்கப் போய் அதே தெருவுக்கு இரண்டாவது முறை போனார்கள்.

இந்த இடத்தில் தோண்டுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையம் என்றதும் எல்லோருக்கும் சிப்பும் சாட்டிலைட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. கண்ணாடி இழை மலிவு. ரவுட்டரும் ஒன்றும் பெரிய விலையில்லை. காசைத் தின்பது ஜேசிபி, தொழிலாளர் கூலி, சாலை வெட்ட அனுமதி, வெட்டியதை மூடித் தார் போடுவது. அதிவேக வலையமைப்புச் செலவில் 80 சதவீதம்வரைகூட இந்தக் கட்டுமான வேலைக்கே போகலாம் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் கணக்கு. ஆகவே, ஏற்கெனவே பூமிக்கடியில் குழாய் இருந்து, அதற்குள் உங்கள் இழையை விட அனுமதியும் கிடைத்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. அந்தக் குழாய் பழைய தொலைபேசி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அது கதவைத் திறக்குமா?

ஸ்பெயினில் திறக்கவைத்தார்கள். 2009 வாக்கில், பழைய தொலைபேசி நிறுவனமான டெலிஃபோனிகா தன் குழாய்களையும் கம்பங்களையும் போட்டியாளர்களுக்கு நியாயமான வாடகைக்கு விட வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்தது. போட்டியாளர்கள் உள்ளே நுழைந்தார்கள். டெலிஃபோனிகாவும் வேறு வழியில்லாமல் தானும் ஃபைபர் போட ஆரம்பித்தது. அப்போது ஸ்பெயின் பொருளாதார நெருக்கடியில் வதங்கிக்கொண்டிருந்தது என்பதை மறக்க வேண்டாம். இன்று ஃபைபர் எட்டும் வீடுகளின் விகிதத்தில் ஜெர்மனி அதன் பக்கத்தில் இல்லை. ஸ்டாக்ஹோம் இன்னும் எளிய வழியைப் பிடித்தது. 1994இல் நகராட்சியே ஸ்டோகாப் என்று ஒரு நிறுவனம் தொடங்கி, தெருவைத் தோண்டி இழையைப் போட்டு, யார் கேட்டாலும் வாடகைக்கு விட்டது. நகராட்சி இணையம் விற்கவில்லை, சாலை போட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான்.

ஜப்பானில் 2001இல் தொழிலதிபர் மசயோஷி சோன் மலிவு விலையில் ஏடிஎஸ்எல் (டிஎஸ்எல்லில் ஒரு வகை) விற்கக் கிளம்பியபோது, பழைய தொலைபேசி நிறுவனம் தன் எக்ஸ்சேஞ்சுகளில் இடம் தராமல் இழுத்தடித்தது. அரசு அலுவலகத்துக்குப் போய், இதைச் சரிசெய்யாவிட்டால் இங்கேயே பெட்ரோல் ஊற்றிக்கொண்டு கொளுத்திக்கொள்வேன் என்று மிரட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். பரிந்துரைக்கத்தக்க வழி அல்ல. ஆனால் பகிர வேண்டும் என்ற விதி காகிதத்தில் இருப்பதற்கும் நடைமுறைக்கு வருவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று இதிலிருந்து தெரிகிறது.

அமெரிக்கா இதற்கு நேர் எதிர். 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தில் பகிர்வு விதி இருந்தது. 2003, 2005 வாக்கில் அதைக் கழற்றிவிட்டார்கள். விளைவு, நிறைய வீடுகளுக்கு ஒரு கேபிள் கம்பெனி, ஒரு தொலைபேசி கம்பெனி, அதிலும் ஒன்றுதான் உருப்படி. டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரத்தில் நகராட்சி மின்வாரியம் 2010இலேயே ஊர் முழுவதற்கும் ஒரு ஜிகாபிட், அதாவது ஆயிரம் எம்பிபிஎஸ், கொடுத்தது. பக்கத்துக் கிராமத்தார் எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள். மின்வாரியமும் தயார். ஆனால் மின்சாரம் விநியோகிக்கும் எல்லையைத் தாண்டி இணையம் கொடுக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம். மத்தியத் தொடர்பு ஆணையம் 2015இல் அந்தத் தடையை நீக்கப் பார்த்தது, 2016இல் நீதிமன்றம் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜிகாபிட், அந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு சந்தாதாரர்கள். இங்கே எந்தத் தொழில்நுட்பம் குறைந்தது, சொல்லுங்கள்.

வீட்டு வாசல்வரை கம்பி நன்றாக இருந்தும் மெதுவாக இருக்கும் நாடுகளும் உண்டு. அவற்றின் சிக்கல் வெளியே. கென்யாவில் ஒரு காலத்தில் நைரோபியில் இருக்கும் ஒருவர் அதே நகரத்தில் வேறு கம்பெனி இணைப்பு வைத்திருக்கும் நண்பருக்கு மின்னஞ்சல் அனுப்பினால், அது சாட்டிலைட் வழியாகக் கண்டம் தாண்டிப் போய்த் திரும்பி வரும். உள்ளூர் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து 2000 கடைசியில் ஒரு இணைப்பு மையம் தொடங்கின. உள்ளூர்ச் சரக்கை உள்ளூரிலேயே மாற்றிக்கொள்வதற்கு. சர்வதேச இணைப்பில் தனியுரிமை வைத்திருந்த அரசுத் தொலைபேசி நிறுவனம் புகார் கொடுத்தது, ஆணையம் மையத்தை மூடச் சொன்னது. மீண்டும் திறக்க 2002 ஆனது. அதற்குப் பிறகு அரை விநாடிவரை எடுத்த பயணம் மில்லி விநாடிகளில் முடிந்தது. இதற்குத் தேவைப்பட்டது ஒரு அறை, ஒரு ஸ்விட்ச், ஒரு அனுமதிக் கடிதம்.

புவியியலுக்கு ஒரு பங்கும் இல்லை என்று சொல்ல வரவில்லை. டோங்கா தீவு நாட்டை ஃபிஜியோடு இணைத்தது ஒரே ஒரு கடலடி கேபிள், 800 கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2022 ஜனவரி 15 எரிமலை வெடிப்பில் அது அறுந்தது. பிரதான தீவுக்கு இணைப்பு திரும்ப ஐந்து வாரம் ஆயிற்று. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கடலே இல்லாத நாடுகள் அண்டை நாட்டின் தயவில்தான் கடலடி கேபிளை எட்ட வேண்டும், அதற்கும் வழி வாடகை உண்டு. இதெல்லாம் நிஜமான இடைஞ்சல்கள். ஆனால் பத்துப் பன்னிரண்டு கேபிள்கள் கரைக்கு வந்து சேரும் பெரிய நாடுகளும் இதே சாக்கைச் சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது.

இன்னொன்று, தரவரிசைப் பட்டியல்களை அப்படியே விழுங்க வேண்டாம். மொபைல் வேகமும் வீட்டு இணைப்பு வேகமும் வேறு வேறு பட்டியல். ஒன்றில் மேலே இருக்கும் நாடு மற்றொன்றில் கீழே கிடக்கும். சோதனை செய்தவர்களின் இணைப்பைத்தான் பட்டியல் காட்டும், இணைப்பே இல்லாதவர்கள் கணக்கில் வருவதில்லை. அப்லோடு வேகத்தை யாருமே பார்ப்பதில்லை. வீடியோ அழைப்பில் முகம் உறையும்போதுதான் அது ஞாபகம் வரும்.

உங்கள் இணைப்பு எப்படி என்று பார்க்க ஸ்பீட் டெஸ்டைவிட எனக்குப் பிடித்த வேலை ஒன்று இருக்கிறது. கணினியில் ட்ரேஸ்ரூட் (தரவு போகும் வழியைக் காட்டும் கட்டளை) ஓட்டுங்கள். உங்கள் நாட்டிலேயே சர்வர் இருக்கும் ஏதாவது ஒரு தளத்தின் முகவரியைக் கொடுங்கள். வரி வரியாக வழி தெரியும், ஒவ்வொரு வரியிலும் எத்தனை மில்லி விநாடி என்று இருக்கும். எட்டு, ஒன்பது, பத்து என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று நூற்று நாற்பதுக்குத் தாவினால், உங்கள் தரவுப் பொட்டலம் எங்கோ கடல் கடந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். என்னுடையது நேற்று ராத்திரி ஐந்தாவது வரியில் நாட்டைவிட்டுப் போனது, பதினொன்றாவது வரியில் திரும்பி வந்தது.