பூசணிக்காய் நறுக்கிய இரவுகள்

94 வயதில் மறைந்த ஒரு பாட்டியைப் பற்றி நான் படித்த கட்டுரையில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாங்கிய பட்டங்களுக்கே பாதி இடம் போய்விட்டது. கோயில் சமையற்கட்டில் அவர் கழித்த வருடங்களுக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

என் அத்தையும் அப்படித்தான். தைப்பூசத்துக்கு முதல்நாள் மாலையே சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போய்விடுவார். பால்குடமும் காவடியும் அங்கிருந்து கிளம்பி, 1859இல் நகரத்தார் எழுப்பிய தேங் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் நடந்து சேரும். அந்த ஊர்வலத்தை அத்தை ஒரு வருடம்கூட நின்று பார்த்ததில்லை. அன்னதானத்துக்குக் காய் நறுக்கியே விடிந்துவிடும். “முருகனைப் பார்க்க வேண்டாமா அத்தை?” என்று கேட்டால், “அவன் எங்கே போய்விடப் போகிறான், பூசணிக்காய்தான் வாடிவிடும்” என்பார்.

வீட்டில் மாமா பாடுதான் திண்டாட்டம். பழைய குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டு முணுமுணுப்பார். ஆனால் விடியற்காலையில் அத்தையை அழைத்துவர முதல் ஆளாகப் போய் நிற்பதும் அவர்தான். அந்தப் பாட்டி குடும்பத்தையும் கோயில் பணியையும் ஒருசேரச் சுமந்தார் என்று எழுதிவிடுவது எளிது. கூடச் சுமந்தவரும் ஒருவர் இருந்திருப்பாரே! கட்டுரையில் பாட்டியின் கணவரான அந்தத் தாத்தாவின் பெயர்கூட இல்லை.