நிலக்கரியையும் எண்ணெயையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்

நேற்று ராத்திரி விவாதத்தில் காட்டிய அந்த வரைபடத்தைக் காலையிலிருந்து பத்துப் பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். இந்தியாவின் நிலக்கரி 2011-12ல் 54 கோடி டன், 2024-25ல் சுமார் 105 கோடி டன். அதே காலத்தில் கச்சா எண்ணெய் 3.8 கோடி டன்னிலிருந்து 2.87 கோடிக்கு இறங்கியிருக்கிறது. எண்கள் சரிதான். "எண்ணெய் எடுப்பவர்கள் தூங்கிவிட்டார்கள்" என்று அதிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு.

நிலக்கரி வெட்டி எடுப்பது. மேல்மண்ணை அகற்ற இயந்திரமும் ஏற்றிப்போக ரயில் பெட்டியும் கூடினால் உற்பத்தியும் கூடும். எண்ணெய் அப்படியில்லை. பாறையின் நுண்துளைகளுக்குள் இருப்பதை அழுத்தம்தான் தள்ளிவிட வேண்டும். எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்தே அந்த அழுத்தம் இறங்கும். மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயலை 1974ல் கண்டுபிடித்தார்கள், 1976லிருந்து எடுக்கிறோம். அரை நூற்றாண்டு!

"தண்ணீரை உள்ளே செலுத்தி அழுத்தத்தை ஏற்றலாமே?" செலுத்துகிறார்கள் சார். மோட்டாரைப் போட்டால் முடிகிற வேலையா அது? கடல்நீரை வடிகட்ட வேண்டும், இல்லையென்றால் பாறைத் துளை அடைத்துக்கொள்ளும். ஆக்சிஜனை நீக்க வேண்டும், இல்லையென்றால் குழாய் அரித்துப் போகும். கிருமிகளைக் கொல்ல வேண்டும். கடல்நீரில் உள்ள சல்பேட் பாறை நீரில் உள்ள பேரியத்தோடு சேர்ந்தால் குழாய்க்குள் கல்லாகப் படியும், அது அமிலத்திலும் கரையாது. இத்தனையும் செய்த பிறகும், எண்ணெயை விட எளிதாக ஓடும் தண்ணீர் முந்திக்கொண்டு கிணற்றுக்கு வந்து சேரும்.

ராஜஸ்தானின் மங்களா வயலில் அதற்காகவே தண்ணீரில் பாலிமர் கலந்து கெட்டியாக்குகிறார்கள். வால்வில் அது வேகமாக நெரிபட்டால் நீண்ட மூலக்கூறுகள் அறுந்து, கெட்டித்தன்மை போய்விடும். 2009ல் உற்பத்தி தொடங்கிய இந்த வயல்தான் 2011-12 உச்சத்துக்குப் பெரிய காரணம். அந்த உச்சத்தை அளவுகோலாக வைத்துவிட்டு, அடுத்த ஆண்டுகளைத் திட்டுகிறார்கள்.

"இன்னும் நிறைய கிணறு தோண்டுங்கள்" என்று எழுதியவருக்கு: ஒரே வயலில் அளவுக்கு மீறி இழுத்தால் அடியில் உள்ள நீர் கூம்பு மாதிரி எழும்பிக் கிணற்றைப் பிடித்துக்கொள்ளும். கிருஷ்ணா கோதாவரி ஆழ்கடலில் 2009ல் எரிவாயு வரத் தொடங்கிய கிணறுகளில் சில வருடங்களிலேயே தண்ணீரும் மணலும் புகுந்தன.

புதிய படுகைகளைத் தேடுவதில் தாமதம் என்றால் ஒப்புக்கொள்கிறேன், அதைக் கேளுங்கள். ஆனால் நிலத்தில் இருக்கும் மங்களாவுக்கே, 2004ல் கண்டுபிடித்ததிலிருந்து எண்ணெய் வர ஐந்து வருடம் ஆனது.

தூங்கினார்களாம்! கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் 14 நாள், தினமும் 12 மணி நேர ஷிஃப்ட் நிற்கிறவர்களைப் பார்த்தா இந்தச் சொல்?

அதே வரைபடத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் நீட்டிப் பாருங்கள். கச்சா எண்ணெய் 2004-05ல் 3.4 கோடி டன், 2005-06ல் 3.2 கோடி. 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்கு மேடையின் குழாயில் உதவிக் கப்பல் மோதித் தீப்பிடித்தது. காயம்பட்ட ஒருவரை மேடைக்கு மாற்றத்தான் அந்தக் கப்பல் வந்தது. இரண்டு மணி நேரத்தில் மேடையே இல்லை. 22 பேர் இறந்து போனார்கள்.