பால் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள்

பிள்ளை பெத்த மூணாம் நாள், நாலாம் நாள் காய்ச்சல் வந்தால் நம்ம திருநெல்வேலிப் பக்கம் முதலில் வரும் பேச்சு, "பால் கட்டியிருக்கும்ட்டி, அதான் காயுது." பால் கட்டினாலும் காயும், உண்மைதான். அப்போது மார்பு கல்லு மாதிரி இருக்கும், பாலைப் பீய்ச்சி எடுத்தால் தணியும். மார்பு இளகிக் கிடக்கிறது, அடிவயிற்றைத் தொட்டால் வலிக்கிறது, தீட்டு நாறுகிறது என்றால் கர்ப்பப்பையில் கிருமி பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். காரணம் எதுவானாலும் 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

இந்தக் கிருமி ரத்தத்தில் பரவி உடம்பையே பாதிப்பதை டாக்டர்கள் செப்சிஸ் என்பார்கள். பெரியவர்கள் பிரசவ ஜன்னி என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். பிதற்றல் வந்தபிறகு வைத்த பெயர் அது. பிதற்றும்போது பாதிப்பு மூளை வரை ஏறிவிட்டது.

அதற்கு முன்னால் பிடிக்க, மூச்சை எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று பிள்ளை பெத்தவளிடம் சொல்லக் கூடாது, சொன்னால் மூச்சு மாறிவிடும். படுத்திருக்கும்போது வயிற்றுமேல் சேலை ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். 12 முதல் 20 வரை சரி. 25 வந்தால் யோசிக்காமல் 108. ரத்தத்தில் சேரும் அமிலத்தை வெளியே தள்ளத்தான் நுரையீரல் அப்படி இரைக்கிறது. காய்ச்சலை வலி மாத்திரை மறைத்துவிடும். நோய் முற்றினால் உடம்பு சில்லிட்டும் போகும். "பிரஷர் நார்மல்" என்பதும் ஆறுதல் இல்லை. இளவயசு உடம்பு கடைசி வரை பிரஷரைப் பிடித்து வைத்திருந்து, திடீரென்று விட்டுவிடும்.

எனக்குப் பெரிய ஆதங்கம் தண்ணீர் விஷயத்தில். "தண்ணி குடிக்காத, தையல் சீ வச்சிரும், வயிறு போட்டிரும்" என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிறோம். தையல் சீழ் பிடிப்பது கிருமியால், தண்ணீரால் இல்லை. கிருமி ரத்தத்தில் பரவும்போது ரத்தக்குழாய்கள் தளர்ந்து கசியும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாது. அந்த நேரத்தில் தண்ணீரையும் நிறுத்தினால் சிறுநீரகம் என்ன செய்யும்? 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் பிரிய வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு 180 மில்லி, ஒரு டம்ளர். அதுகூட இல்லை என்றால் "தண்ணி குடிக்கல, அதான் போகல" என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

அடுத்தது ரெஃபரல், அதாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. அம்பாசமுத்திரத்தில் இருந்து திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி வந்துசேரச் சுமார் ஒரு மணி நேரம். இந்த நோயில் ஆன்டிபயாட்டிக் போட வேண்டியதும் சந்தேகம் வந்த ஒரு மணி நேரத்துக்குள். அந்த நேரத்தை ரோடே தின்றுவிடுகிறது. அதனால் கல்ச்சருக்கு (என்ன கிருமி என்று பார்க்கும் டெஸ்டுக்கு) ரத்தம் எடுத்து, முதல் டோஸை நரம்பில் போட்டு, டிரிப் ஏற்றித்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். ரத்தம் எடுக்க வசதி இல்லாவிட்டால் அதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. என்ன மருந்து, எத்தனை மணிக்குப் போட்டது என்று சீட்டில் இருக்கிறதா என்று கூடப் போகிறவர்கள் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு: "உள்ளே நஞ்சுக்கொடித் துண்டு தங்கியிருக்கா, ஸ்கேன் பாத்தீங்களா?" துண்டோ சீழோ உள்ளே இருந்தால், அதை எடுக்காமல் எத்தனை ஊசி போட்டாலும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும்.

சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆபத்துக் கணக்கு 42 நாள் வரை. அம்மா வீட்டுக்குப் போகும் பையில் பிள்ளைத் துணியோடு ஒரு தெர்மாமீட்டரும் வையுங்கள்.