ஸ்பிரிங்கை அறுத்தால் கார் வளைவில் தடுமாறாமல் ஓடுமா?

"சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வீட்டிலேயே கிரைண்டரால் அறுத்துவிட்டால், வண்டி தாழ்ந்து வளைவுகளில் பந்தயக் கார்போல் தடுமாறாமல் ஓடும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

பாதி உண்மை கலந்திருப்பதால்தான் பலரும் இதை நம்பிவிடுகிறார்கள். சுற்று குறைந்தால் வண்டி தாழும், ஸ்பிரிங்கும் சற்று விறைப்பாகும். ஆனால் அது அமுங்குவதற்கான தூரமும் குறைந்துவிடுவதால், சிறு பள்ளத்திலேயே சஸ்பென்ஷன், அது அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் மோதும். வளைவின் நடுவே அவ்வாறு நேர்ந்தால் டயரின் பிடி சட்டென விட்டுப்போகலாம். அறுபட்ட முனை தன் இருக்கையில் சரியாக அமராமல் நழுவவும் கூடும். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் பழைய ஷாக் அப்சார்பர் இந்தப் புதிய விறைப்புக்கு ஈடுகொடுக்காது. இவற்றைவிடப் பெரிய ஆபத்து, அமுங்கிய நிலையிலுள்ள ஸ்பிரிங்கை அதை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் கழற்றுவதுதான். தெறித்தால் உயிருக்கே ஆபத்து என்பதைப் பற்றி அச்செய்தி மூச்சுவிடவில்லை.

ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டும் முறையையும் வீல் அலைன்மென்ட் அளவுகளையும் உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் சரிபார்க்கலாம். சஸ்பென்ஷன் இணைப்புகளிலுள்ள தேய்ந்த ரப்பர் புஷ்களையும் எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றி, டயரின் காற்றழுத்தத்தைச் சரியாக வைத்தாலே பல பழைய கார்களில் வேறுபாடு தெரியும். தாழ்த்தியே ஆகவேண்டுமெனில், அந்த மாடலுக்கென்றே தயாரித்த ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே பொருத்த வேண்டும். அச்செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.