சம்பூரில நிலக்கரி வரேல்ல, சரி, காணி?

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில வரவிருந்த நிலக்கரி அனல்மின் நிலையம் நிண்டு போனதைச் சுற்றாடல் வெற்றி எண்டு எழுதிற பதிவுகளை அடிக்கடி காணுறன். வெற்றிதான், நானும் மனசார சந்தோசப்பட்ட ஆள். புத்தளத்து நுரைச்சோலையில 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் ஓடுது, காத்துக் காலத்தில சாம்பல் பறந்து தோட்டங்களிலயும் வீடுகளிலயும் படியுதெண்டு அந்தச் சனம் எத்தினை வருசமாக் கத்துது. அதே சாம்பலும் சுடுதண்ணியும் சம்பூருக்குப் பக்கத்துக் கொட்டியாரக் குடாக்கடலுக்கு வந்திருந்தா மீன்பிடிச் சனத்தின்ர கதி என்ன எண்டு யோசிக்கவே ஏலாது.

ஆனா நிலக்கரி வாறதுக்கு முன்னமே அங்க சனம் இல்லை எண்டதை ஏன் ஒருத்தரும் எழுதுறேல்ல? 2006 ஏப்ரலில குண்டு விழத் தொடங்கி சம்பூர் இருக்கிற மூதூர் கிழக்குச் சனம் வாகரை, மட்டக்களப்பு எண்டு ஓடினது, அந்த வருசம் டிசம்பரிலயே இந்திய அரச மின் கம்பனியான என்ரிபிசியும் எங்கட மின்சார சபையும் 500 மெகாவாற்றுக்குக் கையெழுத்து வைச்சிட்டினம், 2007ல உயர் பாதுகாப்பு வலயம் எண்டு வர்த்தமானி, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில தறப்பாளுக்குக் கீழ வருசக்கணக்கா இருந்ததுகள், சொந்த வயல் கிட்டத்தான், ஆனா போகேலாது. சனம் அகதியா இருக்கேக்க அதின்ர காணியில போட்ட திட்டம் இது. எனக்குப் புகையைவிட இதுதான் பெரிய அநியாயமாத் தெரியுது.

2016 செப்டம்பரில உயர் நீதிமன்றத்தில அரசாங்கமே சொல்லிச்சு, சம்பூரில நிலக்கரி மின்நிலையம் கட்டேல்ல எண்டு. அதுக்கு முன்னம் 2015, 2016ல கொஞ்சக் காணி விட்டவங்கள்தான், கடற்படை இருந்த இடமும் விட்டது. ஆனா மின்நிலையத்துக்கெண்டு எடுத்த துண்டு? அது திட்டத்தோடயே நிண்டுது. 2025 ஏப்ரலில மோடி கொழும்புக்கு வந்து, அங்க இருந்தபடியே சம்பூர் 120 மெகாவாற் சூரியமின் திட்டத்தைத் தொடக்கி வைச்சார். சூரியமின் நல்லது, நான் எதிரில்லை, ஆனா நிலக்கரி இல்லையெண்ட அண்டைக்கே அந்தக் காணியின்ர சொந்தக்காரரை முதல்ல கூப்பிட்டுக் கேட்டிருக்க வேணும் எண்டுதான் நான் சொல்லுறன்.

வன்னியில இருக்கிற எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. முல்லைத்தீவு கேப்பாப்புலவில பிலவுக்குடியிருப்புச் சனம் 2017ல விமானப்படை முகாமுக்கு முன்னால ஒரு மாசம் இரவு பகலாக் குழந்தை குட்டியளோட இருந்துதான் தங்கட வளவை மீட்டது. மன்னாரிலயும் பூநகரியிலயும் 484 மெகாவாற் காத்தாலைத் திட்டத்துக்கு வந்த இந்தியாவின்ர அதானி கம்பனி 2025 பெப்ரவரியில விலகிட்டினம். விலகினது ஒரு கம்பனி, திட்டம் போட்ட இடம் அப்பிடியேதான் கிடக்குது, நாளைக்கு வேற ஆக்கள் வருவினம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து உறுதியையும் பேர்மிற்றையும் துலைச்ச சனம் நாங்கள், முள்ளிவாய்க்காலில உயிரைக் காப்பாத்தினவை கடதாசியை எங்க காப்பாத்தினது, அந்தக் கடதாசி இல்லையெண்டு சொல்லி அரச காணி, வன இலாகாக் காணி எண்டு எல்லைக்கல்லுப் போடுறது லேசு.

பூநகரியில அடுத்த திட்டம் வாறதெண்டா முதல்ல வரைபடத்தைத் தமிழில பிரதேச செயலகத்தில ஒட்டுங்கோ, எந்தத் துண்டு ஆற்ற காணி எண்டு ஊர்ச் சனத்தை வைச்சு எழுதுங்கோ, குத்தகைக் காசு அவைக்குப் போகட்டும், திட்டம் நிண்டா இத்தினை மாசத்துக்குள்ள காணி திரும்பும் எண்டு ஒப்பந்தத்திலயே போடுங்கோ. எங்கட எம்பிமாரும் இதைப் பாராளுமன்றத்தில கேக்கவேணும், திட்டம் வந்தாப்பிறகு இல்லை, இப்பவே.