பேஸ்ட்டை மாத்தச் சொல்றதுக்கு முன்னாடி எத்தனை வாட்னு கேளுங்கய்யா!

கம்ப்யூட்டர் பிராசசர் 95 டிகிரி போகுதுன்னு ஒருத்தர் வாயைத் திறந்தா போதும், "தெர்மல் பேஸ்ட்டை மாத்து"ன்னு ஆளாளுக்குக் கிளம்பிடுறாங்க. பிராசசருக்கும் அதைக் குளிர வைக்கற கூலருக்கும் நடுவுல தடவற பசைதான் அது. எந்தப் பிராசசர், என்ன கூலர், சும்மா இருக்கும்போதா, வேலை வாங்கற லோடுலயா, எத்தனை வாட் இழுக்குது? ஒரு கேள்வி கிடையாது! அதை நம்பி, ஒழுங்கா உட்கார்ந்திருந்த கூலரை வெடுக்குனு இழுத்து, ஏஎம்டி பிராசசர் உட்கார்ற ஏஎம்4 சாக்கெட்டுல இருந்து பிராசசரும் கூடவே பிடுங்கிக்கிட்டு வந்து, பின் வளைஞ்சு போனா யார் பொறுப்பு? பழைய பேஸ்ட் இறுகிப் பிடிச்சிருக்கும். பத்து நிமிஷம் லோடு கொடுத்துச் சூடாக்கி, ஆஃப் பண்ணி, கூலரை இடமும் வலமுமா மெதுவாத் திருகித்தான் எடுக்கணும். அதைச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வராது.

முதல்ல ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கற சாஃப்ட்வேரைத் திறந்து டெம்பரேச்சரையும் சிபியூ பேக்கேஜ் பவரையும் (அதாவது பிராசசர் இழுக்கற வாட்டையும்) பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. முழு லோடு கொடுங்க. வெறும் 60, 70 வாட் இழுக்கும்போதே சில செகண்டுல 100 டிகிரியைத் தொட்டா, கூலர் சரியா உட்காரலைன்னு அர்த்தம். வாட்டர் கூலரா இருந்தா பம்ப் ஓடுதான்னும் பாருங்க. பத்துப் பதினஞ்சு நிமிஷமா நின்னு நிதானமா ஏறினா காத்தோட்டக் கோளாறு. சைடு பேனலைக் கழட்டிட்டு அதே டெஸ்ட்டை ஓட்டுங்க. 8, 10 டிகிரி இறங்கினா கேபினெட்தான் குற்றவாளி, பிராசசர் இல்ல.

200 வாட்டுக்கு மேல இழுத்து 100-ஐத் தொடுதா? அங்கதான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வருது. இன்டெல் 12700கே-வுக்குக் கம்பெனி சொன்ன கணக்கு 125 வாட், வேகத்தைக் கூட்டற டர்போவுல 190. ஆனா எத்தனையோ மதர்போர்டுல பவர் லிமிட்டை டீஃபால்ட்டாவே 4000 வாட்டுக்கு மேல வெச்சு அனுப்புறான். அதாவது லிமிட்டே கிடையாது! வேகத்தை அளக்கற பெஞ்ச்மார்க்ல நாலு பாயின்ட் கூட வரணும்னு இவன் செய்யற வேலைக்கு, வாங்கினவர் கூலர் மேல கூலரா மாத்திக்கிட்டு இருக்கணுமா? மதர்போர்டு செட்டிங்ஸான பயாஸ்ல பிஎல்1-ங்கற நீண்ட நேர லிமிட்டை 125-க்கும் பிஎல்2-ங்கற டர்போ லிமிட்டை 190-க்கும் கொண்டு வாங்க, எல்லா கோரையும் உச்ச வேகத்துக்குத் தள்ளற மல்ட்டிகோர் என்ஹான்ஸ்மென்ட்டை அணைங்க. செலவு சுத்தமா இல்ல. ரைசன் 7950எக்ஸ் மாதிரி சிப்பு முழு லோடுல 95 டிகிரி வரைக்கும் போறது ஏஎம்டியே அப்படி வடிவமைச்சது. பிடிக்கலையா, வாட்டைக் குறைக்கற ஈகோ மோடு போடுங்க.

கூலர் உட்காரலைங்கறதுக்குப் பெரிய காரணம், இன்டெல் பெட்டியோட வர்ற கூலரோட நாலு புஷ்பின். தலையில இருக்கற அம்புக்குறிப் பக்கம் திருகினா பூட்டு திறக்கும். மாட்டும்போது அதுக்கு எதிர்ப்பக்கம் கடைசி வரைக்கும் திருகி வெச்சுட்டு, எதிரெதிர் மூலையா அழுத்தணும். க்ளிக் கேட்டா மட்டும் பத்தாது. மதர்போர்டுக்குப் பின்பக்கம் பாருங்க: நாலு வெள்ளைக் காலும் ஓட்டையைத் தாண்டி வெளிய வந்து, நடுவுல கறுப்பு ஆணி இறங்கி, கால் ரெண்டா விரிஞ்சு நிக்கணும். ஒண்ணு விரியலைன்னா அந்த மூலை தூக்கிக்கும். எவ்வளவு விலை கொடுத்த பேஸ்ட்டும் அந்த இடைவெளியை நிரப்பாது. புதுக் கூலரா இருந்தா அடித்தட்டுல ஒட்டின பிளாஸ்டிக் தாளை உரிச்சாச்சான்னும் பாருங்க.

தூசியை மேலால ஊதிட்டு முடிஞ்சதுன்னு விட்டுடாதீங்க. ஃபேனைக் கழட்டினாத்தான் அதுக்கும் கூலரோட உலோகத் தகடுகளான ஃபின்னுக்கும் நடுவுல கம்பளி மாதிரி படிஞ்சு கிடக்கறது தெரியும். ஊதும்போது றெக்கையை விரலால பிடிச்சுக்கங்க, சுழல விட்டா பேரிங் போயிடும்.

இவ்வளவும் சரியா இருந்து, கூலர் மாட்டிப் பல வருஷம் ஆகியிருந்தா, அப்ப மாத்துங்க பேஸ்ட்டை. 90 சதவீதத்துக்கு மேல உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால ரெண்டு பக்கமும் பளிச்சுனு துடைச்சு, நடுவுல பட்டாணி அளவு வெச்சு, ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையாக் கொஞ்சம் கொஞ்சமா முடுக்குங்க.